கூம்பின் நுனியில்

கலிபோர்னியாவின் வடபகுதியில், ரெட்வுட் மரக்காடுகள் சரிந்துவந்து ஹம்போல்ட் விரிகுடாவின் சேற்றுநிலத்தைத் தொடுகிற இடத்தில் ஆர்கேட்டா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரார் தங்கள் சாக்கடை ஜலத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவே வந்திருப்பதாக நான் சொன்னபோது, பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. காலையிலேயே போய்விடுங்கள், அப்போதுதான் பறவைகள் அதிகம் என்றார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு வழிகாட்ட வந்த பெண்மணி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிந்து, இரண்டு கண்ணாடிக் கூம்புகளைத் தலைகீழாக ஒரு சட்டத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். ஒன்றில் ஊரிலிருந்து அப்போதுதான் வந்த கழிவுநீர், மற்றொன்றில் எல்லாம் முடிந்து வெளியேறும் நீர், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். நாற்பத்தைந்து நிமிஷம் அசையாமல் நிற்கவேண்டும் என்று சொல்லி, கடிகாரத்தை முடுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதுவரை நடக்கலாம் வாருங்கள் என்றார்.

கம்பித் தடுப்பில் சிக்கிய குப்பையும் தொட்டியடியில் தங்கிய கசடும் எந்த ஊரிலும் ஒன்றுதான். அவற்றைக் கடந்து, பாசி பூத்துப் பச்சைப்பட்டாகக் கிடந்த பெருங்குளங்களை ஒட்டி நடந்தோம். அதற்கப்பால் ஆளுயரத்துக்குக் கோரை. நீரின் வேகத்தைத் தணித்து மிதப்பதைப் படியச் செய்வதும், வெயிலை மறைத்துப் பாசியை மடியச் செய்வதும், மூழ்கிய தண்டுகளில் குடியேறும் நுண்ணுயிர்களுக்கு இடங்கொடுப்பதும் அதன் உத்தியோகம். முன்பு மரஆலைகளும் குப்பைமேடும் இருந்த பிரதேசம் இது என்று அவர் காட்டிய பக்கத்தில் புல் மூடிய ஒரு குன்று தெரிந்தது. குப்பையை இவ்வளவு லட்சணமாக நான் எங்கும் கண்டதில்லை.

இந்த ஏற்பாடு சுலபத்தில் வந்துவிடவில்லை. 1974-இல் மாநில அரசு வகுத்த கொள்கைப்படி, விரிகுடாவில் விடும் கழிவுநீரால் விரிகுடாவுக்கே நன்மை விளைந்தாலன்றி அதை அங்கே விடலாகாது. சுற்றுப்பட்ட ஊர்களின் கழிவுநீரையெல்லாம் ஒரே நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பெருஞ்செலவில் சுத்திசெய்து மாகடலில் தள்ளிவிடலாம் என்றனர் அதிகாரிகள். ஆர்கேட்டாவினர் இணங்கவில்லை. கழிவுநீரும் கடல்நீரும் கலந்த குளங்களில் சால்மன் குஞ்சுகளை வளர்த்துக்காட்டிய ஜார்ஜ் ஆலன், சதுப்பே சுத்திகரிக்கும் என்று வாதாடிய ராபர்ட் கியர்ஹார்ட் ஆகிய இரு பேராசிரியர்களின் துணையோடு, 'நன்மை' என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டு அவ்வூர் விவாதித்தது. 1979-இல் சோதனை தொடங்கி, 1986-இல் முழு அமைப்பும் இயங்கலாயிற்று. சட்டத்தின் வாசகத்தை இவ்வளவு சிரத்தையாகப் படித்த நகரசபைகள் அபூர்வம்.

வேலையில் கஷ்டமானது எது என்று கேட்டேன். துர்நாற்றம் என்பாரென எதிர்பார்த்தேன், மழை என்றார். பழைய குழாய்களின் விரிசல் வழியே மழைநீர் புகுந்து வரத்து பன்மடங்காகும் இரவுகளில், கோரைக்கு அவசரம் தெரியாது, நமக்குத்தான் தெரியும் என்றார். எதிரே விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். ஆகையால் கிருமி ஒழியாத நீர் ஒரு சொட்டும் அங்கே போகக்கூடாது. அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையில் மணி அடித்தது.

திரும்பி வந்ததும், ஒரு கண்ணாடிக் குச்சியால் கூம்புகளின் உட்சுவரை, தூங்கும் குழந்தையின் நெற்றிமயிரை ஒதுக்குவதுபோல், மெல்லத் தடவினார். ஒட்டியிருந்த துகள்கள் சுழன்று இறங்கின. இன்னும் பதினைந்து நிமிஷம். இருவரும் பேசாமல் நின்றோம்.

பிறகு அவர் குனிந்து நுனியைப் பார்த்தார். முதல் கூம்பில் சாம்பல்நிற வண்டல் விரற்கடை அளவு திரண்டிருந்தது. இரண்டாவதில் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். "0.1-க்குக் கீழ்" என்று பதிவேட்டில் எழுதி, கூம்புகளைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.