மணிப்பால் மேடும் உடுப்பிக் கண்ணனும்

பேரனை மணிப்பால் கல்லூரியில் சேர்க்க வரும் பெரியவர்கள், விடுதிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, உடுப்பி ஸ்ரீகிருஷ்ணரைத் தரிசித்த கையோடு ரயிலேறிவிடுவது வழக்கம். பிள்ளைகளின் ஊரில் தங்களுக்கு என்ன வேலை என்ற எண்ணம்! பேரன் ஆண்டுக்கணக்கில் வாழப்போகும் ஊரைப் பாராமல் திரும்புவானேன்? இரண்டுக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

1953-இல் டி.எம்.ஏ. பாய் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய மேட்டுநிலம் இன்று பல மாநில மாணவர்களால் நிறைந்திருக்கிறது. மாலையில் உணவகங்களில் இடம் கிடைப்பது அரிது. மண்ணபள்ள ஏரிக்கரை காலை நடைக்கு உகந்தது. இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து விஜயநாத் ஷெணாய் மீண்டும் எழுப்பிய ஹஸ்தசில்ப கிராமத்தை நிதானமாகக் காண வேண்டும். முழங்கால் வலியுள்ளோர் இடையிடையே அமர்ந்து செல்வது நலம்.

உடுப்பியில், மத்வாசாரியர் 13-ஆம் நூற்றாண்டில் பிரதிஷ்டை செய்த கண்ணன் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். ஒன்பது துளைகள் கொண்ட வெள்ளிச் சாளரத்தின் வழியே தரிசனம். எட்டு மடங்களும் இரண்டாண்டுக்கு ஒருமுறை முறைமாற்றிப் பூஜை நடத்துகின்றன. மதியம் அன்னப் பிரசாதப் பந்தியில் பேரனையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளலாம். விடுதிச் சாப்பாடு எப்படி என்று கேட்க அதைவிடத் தக்க இடம் ஏது?

மறுநாள் மல்பே கடற்கரை. மழைக்காலம் தவிர, செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு உண்டு. பிள்ளைகள் போய்த் திரும்பும்வரை, பெரியவர்கள் அருகே வடபாண்டேஸ்வரத்தில் பலராமர் சன்னதியில் அமர்ந்திருக்கலாம்.