எலுமிச்சைத் தடம்

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் அப்பாவோடு மார்பிள் பாலிஷ் வேலைக்குப் போனேன். பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், சப்பாத்துக்குப் பூசுவதைப் போல. முதல் நாளே தெரிந்துவிட்டது, இங்கே பூசுவதற்கு ஒன்றுமில்லை. சுரண்டுவதுதான் வேலை. மெஷினுக்கு அடியில் டைமண்ட் பேடை ஒட்டி, தண்ணீர் விட்டு, தரையைத் தேய்க்க வேண்டும். முதலில் ஐம்பதாம் நம்பர். அது கல்லில் கண்ணுக்குத் தெரிகிற கோடுகளைப் போடும். அந்தக் கோடுகளை நூறாம் நம்பர் தன் சின்னக் கோடுகளால் அழிக்கும். பிறகு இருநூறு, நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். கடைசியில் கோடுகள் இல்லாமல் போவதில்லை. நம் கண்ணுக்குச் சிக்காத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன, அவ்வளவுதான். அதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் மூவாயிரம் போட்ட பிறகு அந்தக் கோடு மேலே வந்து நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் தெரியும். அப்பா ஒவ்வொரு நம்பருக்குப் பிறகும் மண்டியிட்டு அப்படித்தான் பார்ப்பார். இடையிடையே கல்லிலிருந்து வெளியேறுகிற வெள்ளைச் சேற்றை வாக்குவம் வைத்து உறிஞ்சி வாளியில் கொட்டுவது என் வேலை. கெட்டி மோர் மாதிரி இருக்கும். அது முழுக்க அந்த வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கிய மார்பிள்தான் என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

நம் ஆட்கள் கதையிலும் கவிதையிலும் 'பளிங்கு போன்ற' என்று தாராளமாக எழுதுகிறார்கள். எழுதியவர்கள் யாரும் பளிங்கைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம். அது எதையும் குடிக்கிற கல். மஞ்சளைக் குடிக்கும், தேத்தண்ணியைக் குடிக்கும், விளக்கெண்ணெயைக் குடிக்கும். கடினமும் இல்லை. மோஸ் அளவில் கிரானைட் ஆறு ஏழு என்றால் மார்பிள் மூன்றுதான். அடிப்படையில் சுண்ணாம்பு. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளில், பூமிக்கடியில் ஊடுருவிய கிரானைட்டின் சூடு பட்டு இறுகிய பகுதிகளெல்லாம் மார்பிள். அப்பா தொழில் கற்றுக்கொண்டது அந்தப் பக்கத்து மார்பிள் அறுக்கும் பட்டறை ஒன்றில். சுண்ணாம்பு என்பதால் புளிப்பு எது பட்டாலும் அரிக்கும். எலுமிச்சைச் சாறு, வினிகர், கோலா எல்லாமே. அந்த இடம் கறை படிந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது கறை இல்லை, பள்ளம்.

கிள்ளானில் ஒரு கல்யாண வீடு. மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. ஹால், சாப்பாட்டு அறை, சாமி அறை மூன்றும் வெள்ளை மார்பிள், போட்டு இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். சாமி அறையில்தான் பிரச்சினை. குத்துவிளக்கு நின்ற இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய் இறங்கிப் பழுப்பேறியிருந்தது. அதைச் சுற்றி, உள்ளங்கையில் அடங்குகிற மங்கலான வட்டங்கள் ஏழெட்டு. வீட்டுப் பாட்டி வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு போடுவார். கோயிலுக்குப் போகக் கால் ஒத்துழைக்காததால் வீட்டிலேயே. பழத்தை அறுத்து, சாறு பிழிந்து, மூடியைத் திருப்பி, நெய் விட்டு, திரி போட்டு, தரையிலேயே வைத்துவிடுவார்.

"வட்டமெல்லாம் நானூறுலயே போயிடும். எண்ணெதான் ரெண்டு மூணு நாளாகும்" என்றார் அப்பா.

எண்ணெயை மேலிருந்து தேய்த்து எடுக்க முடியாது. வெள்ளைக் களிமண் தூளைத் தின்னரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்துக் கறைமேல் அப்பி, பிளாஸ்டிக்கால் மூடி, ஓரத்தை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். காய்ந்துகொண்டே அது உள்ளிருக்கும் எண்ணெயை மேலே இழுக்கும். தாஜ்மஹாலின் மஞ்சளித்த சுவர்களுக்கு 1994 முதல் சில முறை முல்தானி மிட்டி அப்பினார்களே, அந்த வகை வைத்தியம்தான். தின்னர் இருப்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. அதனால் சாமி படங்களைச் சமையலறை மேசைக்கு மாற்றியிருந்தார்கள். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. மணிக்கொரு தரம் வந்து, "சாமி எப்பய்யா திரும்பி வரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தோம். பாதி எண்ணெய் வந்திருந்தது. அப்பா மறுபடி அப்பச் சொல்லிவிட்டு, பேட் வாங்கக் கடைக்குப் போனார். எனக்குப் பொறுமை இல்லை. மாலை ஐந்தரைக்கு ஃபுட்சால் வேறு. வேனில் ஒரு ஆசிட் போத்தல் இருந்தது, கக்கூஸ் கழுவுகிற வகை. சாதாரண டைல்மேல் காய்ந்த சிமெந்தை எடுக்க அப்பா வைத்திருந்தார். கடைசி மினுக்குக்குத் தரையில் தூவி மெஷின் ஓட்டுகிற பவுடரிலும் ஆசிட்தான் இருக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார். பளபளப்பு தருவதும் ஆசிட், இதுவும் ஆசிட் என்று என் மூளை கணக்குப் போட்டது. அந்தப் பவுடரில் இருக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் கல்லின் சுண்ணாம்போடு சேர்ந்து மேலே மெல்லிய, இறுகிய படலம் விடும். கக்கூஸ் ஆசிட் சுண்ணாம்பைக் கரைத்தே போய்விடும். எண்ணெயை அது தொடக்கூடத் தொடாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

ஊற்றியதும் சொர்ரென்று நுரைத்தது. பயந்துபோய் வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அது ஆசிட்டையும் சேர்த்துக்கொண்டு வாசல் பக்கமாக ஓடியது. துடைத்துப் பார்த்தால், எண்ணெய்க் கறை அப்படியே இருக்க, அதிலிருந்து வாசல்படி வரை ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று சாக்பீஸ் மாதிரி ஒரு நாக்கு.

வாடைக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டார். குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி இது? அம்மாவோட எலுமிச்ச வேலையா?"

"எலுமிச்ச பட்டா மார்பிள் இப்படித்தான் சார் ஆகும்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். இந்த உண்மை மட்டும்தான் இன்னும் குடைகிறது. அவர் உள்ளே போனார். சமையலறையில் குரல் உயர்ந்தது. கல்யாண நேரத்தில், எத்தனை தடவை சொன்னேன், தட்டு வைக்கத் தெரியாதா, இவ்வளவு செலவு... பாட்டியின் குரல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் மெஷினைப் போட்டுக்கொண்டேன். தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு மூலையை வெகு நேரம் தேய்த்தேன்.

அப்பா வந்து மண்டியிட்டார். டார்ச்சைச் சாய்த்தார். அந்த வெள்ளை நாக்கை விரலால் தடவி, அடியிலிருந்து வாசல்வரை பின்தொடர்ந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேனில் ஏறி, இரண்டு டிராபிக் லைட் தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"வெளக்கு ஓடுமாடா?"

நான் பதில் சொல்லவில்லை. அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. அன்று நான் ஃபுட்சாலுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரரிடம், "சார், அது எங்க தப்பு. ஆசிட் பட்டிருச்சு. சாமி ரூமுக்கு நீங்க காசு கொடுக்க வேணாம்" என்றார் அப்பா. 'எங்க' என்றுதான் சொன்னார், 'பையன்' என்று சொல்லவில்லை. அவர் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு, "சரி அண்ணே, கல்யாணத்துக்குள்ள முடிச்சுருங்க" என்றார். அம்மாவிடம் போய் ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

ஆசிட் தின்ற இடத்தை மட்டும் இறக்கினால் குழி தெரியும். அறை முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். பத்துக்கு எட்டு அடி, ஐம்பதாம் நம்பரிலிருந்து. மெஷின் நுழையாத சுவரோரங்களைக் கை பேடால் தேய்த்தேன். இரண்டு நாள். ஷா ஆலாமில் ஒத்துக்கொண்டிருந்த வேலை அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அப்பா வீட்டில் முட்டிக்கு மீன் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பாட்டிகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லிரு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

சொல்லத்தான் நினைத்தேன். கடைசி நாள் அப்பா சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அறை காலியாக, டியூப் லைட் அப்படியே தரையில் விழுந்து கிடந்தது. வட்டங்கள் இல்லை, நாக்கு இல்லை. எண்ணெய்க் கறைகூட, எங்கே இருந்தது என்று தெரிந்தவன் தேடினால்தான் தெரியும். பாட்டி வாசல்படிக்கு வெளியே நின்றார். கையில் எவர்சில்வர் தட்டு, அதன்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் இன்னும் ஏற்றாத ஓர் அகல் விளக்கு. எலுமிச்சை இல்லை.

"உள்ள வரலாமாய்யா?" என்று என்னைக் கேட்டார். அவருடைய சாமி அறைக்கு.

"வாங்க பாட்டி, காஞ்சிருச்சு" என்றேன். அவர் செருப்பில்லாத காலை மிதியடியில் இரண்டு முறை துடைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே நடந்து உள்ளே வந்தார்.