முதலில் சுகமாகட்டும், அப்புறம் பார்ப்போம்



போன செவ்வாய்க்கிழமை இரவு, இங்கே லண்டன் டூட்டிங்கில், பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, நாளைக்கு அந்த வேலைப் பொடியன் வீட்டுக்கு வாறானாம். நீங்களும் ஒருக்கா வந்து இருங்கோ. அவன் கதைக்கிற வேகம் எனக்குப் பிடிபடுறேல்ல" என்றார். போனேன். அங்கே கேட்ட பேச்சுதான் இந்த மடல் முழுக்க ஓடப்போகிறது.

அக்காவின் மகனுக்கு இருபத்தேழு வயது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மனச்சிதைவு என்றார்கள். ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி என்று வருஷங்கள் போயின. இப்போது குளோசபின் சாப்பிடுகிறான். குரல்கள் அடங்கியிருக்கின்றன, அடியோடு போய்விடவில்லை. பத்து மணிக்கு முன்னால் எழ முடியாது. மாத்திரை அப்படி அமுக்கும். அந்த மருந்து ஆரம்பித்தால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, பிறகு ஒரு வருஷம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதன் பிறகு நாலு வாரத்துக்கு ஒன்று. அவன் இப்போது நாலு வாரக் கணக்குக்கு வந்துவிட்டான்.

வந்தவர் முப்பது வயதுக்காரர். அக்காவுக்கு அவரும் 'பொடியன்'தான். டாக்டரும் நர்ஸும் இருக்கிற மனநலக் குழுவிலேயே அவருக்கும் ஒரு நாற்காலி. உத்தியோகம், வேலை ஆலோசகர். சமையலறை மேசையில் உட்கார்ந்தார், அக்கா வைத்த வடையைத் தயங்காமல் எடுத்தார், நோட்டைத் திறந்தார். பையனைப் பார்த்து முதல் கேள்வி: "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?"

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "முதல்ல இவனுக்கு வடிவாச் சுகம் வரட்டும். பிறகு வேலையைப் பாப்பம் எண்டு சொல்லுங்கோ தம்பி." மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, "வேலை வேண்டும் என்று இவருக்கு ஆசை இருக்கிறதா? இருந்தால் எனக்கு அது போதும்" என்றார். பையன் சைக்கிள் என்றான். சைக்கிள் பழுது பார்க்கிற கடை. மேசைக்கு அடியில் இருந்த அவன் கை அப்போதுதான் மேலே வந்தது. விரலால் செயின், பல்சக்கரம், பிரேக் என்று மேசை விரிப்பில் வரைந்து காட்டினான். அக்கா பேசவில்லை.

அந்த "ஆசை இருந்தால் போதும்" என்பது அவருடைய சொந்தத் தாராளம் என்று நினைத்தேன். இல்லை, அது விதி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1990-களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் உருவாக்கிய முறை. இண்டிவிஜுவல் பிளேஸ்மென்ட் அண்ட் சப்போர்ட், சுருக்கமாக ஐ.பி.எஸ். என்கிறார்கள். அதற்கு முன்பு எங்கும் இருந்த வழக்கம் நம் வீடுகளில் இருக்கிற அதே வழக்கம்தான்: முதலில் சுகம், பிறகு பயிற்சிக்கூடத்தில் கூடை பின்னுதல், மெழுகுவத்தி ஊற்றுதல், எல்லாம் தேறினால் கடைசியில் வேலை. நீச்சல் கற்றுக்கொண்ட பிறகுதான் ஆற்றில் இறங்கலாம் என்கிற கதை. இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். ஊருக்குள் எல்லாரும் செய்கிற, எல்லாருக்கும் கிடைக்கிற சம்பளம் உள்ள வேலையை முதலில் பிடி. தேவையான பயிற்சியை வேலையில் இருந்துகொண்டே கொடு. எத்தனை காலம் தேவையோ அத்தனை காலம் கூடவே நில். நோய் எவ்வளவு கடுமை, ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை கிடந்தார் என்றெல்லாம் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து ஒன்று. ஆலோசகர் ஆபீசில் உட்கார்ந்து விளம்பரம் தேடினால் மதிப்பெண் குறையும். வாரத்துக்கு ஆறு முதலாளிகளையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கடை கடையாக ஏறி, உங்களுக்கு எப்படி ஆள் வேண்டும் என்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அந்த மனிதர் மூன்று சைக்கிள் கடை ஏறி இறங்கிவிட்டார். நம் ஊர்க் கல்யாணத் தரகர்கூட இத்தனை சுறுசுறுப்பில்லை.

"வேலைக்குப் போய் டென்ஷனாகித் திரும்ப வருத்தம் கூடினால்?" அக்காவின் பயம் நியாயமானது. அதற்கும் பதில் இருக்கிறது. லண்டன், உல்ம், ரிமினி, சூரிச், குரோனிங்கன், சோஃபியா என ஆறு ஐரோப்பிய நகரங்களில் கடுமையான மனநோய் உள்ள 312 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் வந்தது. ஐ.பி.எஸ். பிரிவில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்தார்கள். பழைய பயிற்சிக்கூட முறையில் 28 சதவீதம்தான். திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வேலைக்குப் போன பக்கம்தான் அதிகமாக இருப்பார்கள் என்று அக்காவைப் போலவே நானும் எதிர்பார்த்தேன். கணக்கு வேறு மாதிரி: ஐ.பி.எஸ். பிரிவில் 20 சதவீதம், மற்றதில் 31. தமிழில் சொன்னேன். அக்கா, "உண்மையே?" என்று ஆலோசகரைப் பார்த்துக் கேட்டார், அவருக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல.

நோயை முதலாளியிடம் சொல்ல வேண்டுமா? இதற்கென்று உள்ள ஒரு சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் இங்கே சமத்துவச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதில் 60-ஆம் பிரிவு. வேலைக்கு ஆள் எடுப்பவர், "உனக்கு வேலை" என்று சொல்லும் வரைக்கும் விண்ணப்பதாரரின் உடல்நலம், மனநலம் பற்றி வாய் திறக்கக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் கேட்கக் கூடாது, நேர்முகத்தில் கேட்கக் கூடாது, பழைய முதலாளிக்குப் போன் போட்டு 'எத்தனை நாள் சிக் லீவு' என்றும் விசாரிக்கக் கூடாது. விலக்கு உண்டு. நேர்முகத்துக்கு வர ஏதாவது ஏற்பாடு வேண்டுமா என்று கேட்கலாம். மூட்டை தூக்குகிற வேலை என்றால் தூக்க முடியுமா என்று கேட்கலாம். மற்றபடி கேட்டுவிட்டு, பிறகு வேலை தராமல் விட்டால், பாகுபாடு காட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளி தலையில் விழும். வேலை உறுதியான பிறகு கேட்கலாம். ஆனால் பதிலைக் கேட்டுவிட்டு, காரணமில்லாமல் வேலையைப் பிடுங்க முடியாது. நேரத்தைத் தள்ளிவைப்பது, சத்தமில்லாத மூலை தருவது என்று நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்கவும் வேண்டும்.

எனவே ஆலோசகர் பையனுடன் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். முதலாளியிடம் சொல்ல விரும்புவது என்ன, விரும்பாதது என்ன, யார் சொல்வது, எப்போது. 'மனச்சிதைவு' என்ற பெயரைச் சொல்ல வேண்டாம் என்றான். 'காலையில் மாத்திரைக் கிறக்கம், மதியம் வருகிறேன்' என்பதைச் சொல்லலாம் என்றான். ரத்தம் கொடுக்கிற நாளில் விடுப்பு. அவ்வளவுதான். அவன் நோய் அவன் சொத்து. பூட்டிவைப்பதும் திறப்பதும் அவன் இஷ்டம்.

நம் ஊரில்? நடுவில் சில வருஷம் காலியாக இருக்கிற பயோடேட்டாவைப் பார்த்தவுடன் எதிரில் இருப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த நாலு வருஷம் என்ன பண்ணிண்டிருந்தேள்?" என்று கேட்பார். பையன் தலை குனிவான். அப்பா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குத் திரும்பினால் அம்மா, "முதலில் சுகமாகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்பாள். அந்த 'அப்புறம்' எத்தனையோ வீடுகளில் வந்ததே இல்லை. டிகிரி சர்டிபிகேட் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடக்கும்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் வேலை ஒதுக்கீட்டுப் பட்டியலில் சேர்த்தது. அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கீடு. மனநோயாளிகளுக்கு அதில் ஒரு சதவீதத்தை மற்ற பிரிவினரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீதம். ஆனால் இதையெல்லாம் வாங்க, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கை ஒருத்தி இருந்தால் அந்தச் சான்றிதழை எந்த அப்பா வாங்குவார்? இங்கே வாய் திறக்காமலே வேலை கேட்கலாம், அங்கே ஊரறியச் சொன்னால்தான் ஒதுக்கீடு. எனக்கு இது சரியாகப் படவில்லை.

இவ்வளவு சொன்னாலும் நம் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டேன். கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் என் பெரியப்பாவுக்கு ஜவுளிக்கடை. அங்கே ஒருவர் வேட்டி மடிப்பார். எட்டு முழத்தை அவர் மடித்தால் இஸ்திரி போட்ட மாதிரி விளிம்பு விளிம்போடு சேரும். தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். சில நாள் பேச்சு முற்றினால் எழுந்து பின்னால் குடோனுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அவரைக் கூப்பிடப் பெரியப்பா யாரையும் போக விடமாட்டார். "இருக்கட்டும்டா, வருவான்." மூன்று மணிக்கு டீ வரும்போது அவரும் வந்துவிடுவார். தீபாவளிக்கு அவருக்கும் போனஸ், அவர் அம்மாவுக்கும் புடவை. சான்றிதழும் இல்லை, ஆலோசகரும் இல்லை. சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் முதல்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரை டாக்டர் ஆர். தாரா குழுவினர் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். மேற்கத்திய டாக்டர்கள் அதை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். வேட்டி மடிக்கிறவரைத் தெரிந்த எனக்கு ஆச்சரியமில்லை. இங்கே டூட்டிங்கில் அப்படி ஒரு பெரியப்பாவைத் தேடினால் கிடைக்கமாட்டார். பலருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் பெயரே தெரியாது. அதனால்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்திருக்கிறது.

ஆனால் பெரியப்பா போன பிறகு கடை ரெடிமேட் ஷோரூமாகிவிட்டது. கம்ப்யூட்டர் பில், சீருடை, மாத டார்கெட். அதை நடத்துகிற பெரியப்பாவின் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. வேட்டி மடிக்கிறவருக்கு அங்கே வேலை இல்லை. தாராவின் ஆய்வுகளில் இன்னொரு பக்கமும் உண்டு. நோய் வந்தபின் கணவன் கைவிட்ட பெண்களைப் பற்றி அவர் தனியாக எழுதியிருக்கிறார். அவர்களுக்கு எந்தப் பெரியப்பாவும் கல்லாவில் இடம் கொடுக்கவில்லை. மனிதர் நல்லவராக இருக்கும்வரை ஓடுகிற ஏற்பாடு, மனிதரோடு போய்விடும்.

அக்காவின் சமையலறை மேசைக்குப் பணக் கணக்கும் வந்தது. வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்று அக்கா நடுங்கினார். ஆலோசகர் கால்குலேட்டரை எடுத்துக் காட்டினார். நோயுள்ளவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொடுவதே இல்லை. அதற்கு மேல் கையில் வருகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். பிப் என்கிற ஊனமுற்றோர் உதவியைச் சம்பளம் பாதிக்காது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள அக்கா முன்பு ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் போன் பண்ணி, சங்கீதம் கேட்டுக்கொண்டே காத்திருந்து, கடைசியில் இணைப்பு அறுந்ததுதான் மிச்சம். முதல் சம்பளத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று ஆலோசகர் கேட்டார். "அப்பர் டூட்டிங் ரோட்டு முத்துமாரியம்மன் உண்டியலில" என்றார் அக்கா. இதை மட்டும் மொழிபெயர்க்க எனக்கு வெகுநேரமாயிற்று.

படிப்பையும் ஆலோசகர் விடவில்லை. பாதியில் நின்ற டிகிரியை முடிக்க நினைத்தால், மனநோய் உள்ள மாணவர்களுக்கும் இங்கே ஒரு தனி உதவித்தொகை உண்டு. கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம், அப்பா சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கமாட்டார்கள். வாராவாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டுக் கொடுக்க ஒரு வழிகாட்டியை அதிலிருந்தே அமர்த்தலாம். மனச்சிதைவோடு ஆக்ஸ்ஃபோர்டிலும் யேலிலும் படித்து, அமெரிக்காவில் சட்டப் பேராசிரியரான எலின் சாக்ஸ் தன் கதையை 2007-இல் புத்தகமாகவே எழுதினார். அக்காவின் மகன் பேராசிரியராக வேண்டியதில்லை. சக்கரத்தின் கோணலை நிமிர்த்தத் தெரிந்தால் போதும் என்கிறான்.

வெள்ளைக்காரன் பிறவியிலேயே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற ஸ்பிரிங்ஃபீல்டு மனநல மருத்துவமனை, 1840-களில் ஏழைப் பைத்தியங்களுக்கான விடுதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனநலச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் அடைபட்ட எம்.பி. தன் பதவியை இழப்பார் என்ற விதியை இவர்கள் எடுத்ததே 2013-இல்தான். இப்போது ஸ்பிரிங்ஃபீல்டு நிலத்தில் ஒரு பகுதி பூங்கா. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். நம் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1794 வரை போகிற சரித்திரம் உண்டு. இன்னும் அதன் பெயரை வைத்துத்தான் சினிமாவில் ஜோக் அடிக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநோயாளிகள் விடுதியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேருக்குப் பிறகும் அந்த ஜோக் நிற்கவில்லை.

கடை வைத்திருக்கிற, பட்டறை நடத்துகிற, ஆபீசில் ஆள் எடுக்கிற வாசகர்கள் இதைப் படிப்பீர்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை நடுவில் வருஷங்கள் காலியாக உள்ள பயோடேட்டா வந்தால், அந்தக் காலி இடத்தைக் கேட்காதீர்கள். என்ன தெரியும், எத்தனை மணிக்கு வர முடியும், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். மதியம் வருகிறேன் என்றால் மதிய வேலை ஒன்றைக் கொடுங்கள். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சுகமாகட்டும் என்று காத்திருக்கிற நேரத்தில், உனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
டூட்டிங்கிலிருந்து உங்கள் மடல்காரன்