பத்து நிமிட மிச்சம்

பிள்ளை வளர்ப்பின் பாரத்தை இனி இயந்திரம் சுமந்துகொள்ளும் என்ற நம்பிக்கை பரவி வருகிறது. தானே ஆடும் தொட்டில், அழுகைக்குக் காரணம் சொல்லும் செயலி, பாடம் சொல்லித் தரும் செயற்கை நுண்ணறிவு என்று சில வந்தேவிட்டன. தாய்க்கு இவை எவ்வளவு உதவும் என்பதைக் கடந்த காலமே ஓரளவு காட்டிவிடுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூல் இதைத்தான் ஆராய்ந்தது. சலவை இயந்திரம் வந்ததும், வெளியே வெளுக்கப் போட்ட துணி வீட்டுக்கே திரும்பியது. சுத்தம் பற்றிய எதிர்பார்ப்பும் கூடியது. உடம்பு நோவது குறைந்தது, வேலை நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. நம் நாட்டுக் கணக்கும் இதிலிருந்து வெகு தூரமில்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் 2019இல் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார், ஆண் 97. 2024இல் அது 289, 88. ஆளுக்குப் பத்து நிமிடம் போல மிச்சம். மூன்று மடங்கு வித்தியாசம் அப்படியே நிற்கிறது. அதிலும், வீட்டு வேலையில் கை வைக்காத ஆண்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர். அவர்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை.

அம்மியையும் விறகடுப்பையும் மறந்துவிட்டுப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிரைண்டரும் கேஸ் அடுப்பும் பெண்களின் தோளையும் நுரையீரலையும் காப்பாற்றியிருக்கின்றன. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கை வேலை குறைந்த இடத்தில் கவன வேலை வந்து உட்கார்ந்திருக்கிறது. தடுப்பூசி நினைவூட்டலும் பள்ளி வாட்ஸ்அப் குழுவும் பெரும்பாலும் அம்மாவின் போனில்தான் ஒலிக்கின்றன. செயற்கைக் கருப்பை வந்தால் எல்லாம் சமமாகும் என்பாரும் உண்டு. 2017இல் பிலடெல்பியாவில் ஆட்டுக்குட்டிகளை நான்கு வாரம் வரை திரவப் பையில் வளர்த்தது உண்மை. அதன் நோக்கம் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றுவது. கர்ப்பம் முழுவதையும் இயந்திரம் ஏற்றாலும் அது பத்து மாதம். அதற்குப் பிறகான பதினெட்டு ஆண்டுகளை யார் பார்ப்பது? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் தாய்க்கு 26 வாரம் விடுப்பு தந்தது. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்குக் கிடைப்பது 15 நாள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு அந்த மகப்பேறு சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டவும் இரவில் எழுந்து தூங்கவைக்கவும் தகப்பன் பழக வேண்டிய முதல் மாதங்களில் அவர் அலுவலகத்தில் இருக்கிறார்.