திறப்பு மட்டும் எங்களிடம் இருந்த வீடு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினால், பண்ணைப் பாலம் தொடங்கியதும் இரண்டு பக்கமும் கடல்தான். தண்ணீருக்குள் சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கும். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று போய், வங்களாவடியில் கொஞ்சநேரம் நின்று, பிறகு வாணர் பாலத்தில் ஏறும். பஸ்ஸில் இருப்பவர்களில் பாதிப்பேர் நயினாதீவு அம்மனிடம் போகிறவர்கள். அவர்களுக்குப் புங்குடுதீவு வழியில் கடந்துபோகும் ஓர் ஊர். எனக்கு அது அம்மாவின் ஊர்.

2021 தை மாதம் நான் போனது கோயிலுக்கல்ல. முந்திய மாதத் தொடக்கத்தில் அடித்த புரெவிப் புயலில் எங்கள் வீட்டுக் கூரையில் பனை விழுந்துவிட்டது என்று பக்கத்து வளவு அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார். காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் முதல்நாளே வவுனியாவில் இருந்து வந்து யாழ்ப்பாணத்தில் தங்கி, காலைப் பஸ்ஸைப் பிடித்தேன்.

மடத்துவெளி தாண்டி உள் ஒழுங்கைகளில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். புங்குடுதீவில் ஆட்களைவிட வீடுகள் அதிகம் என்று தோன்றும். தெற்கில் கடை வைத்து உழைத்தவர்கள் கட்டிய பெரிய கல்வீடுகள். 1991 இல் இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவில்லை. கொழும்பு, கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போய்விட்டார்கள். சில வீடுகளின் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் நிற்கிறது. ஓடும் மரமும் கழற்றப்பட்டு வெறும் சுவராக நிற்பவையும் உண்டு. வேறு சில வீடுகளுக்குப் புது மதில், புதுக் கேற், பளிச்சென்ற வர்ணம். ஆனால் கேற்றில் ஆமைப்பூட்டு. கோயில் திருவிழாவுக்கு மட்டும் திறக்கிற வீடுகள் அவை.

எங்களுடையதும் அப்படியான வீடுதான். அம்மாவின் சீதன வீடு. 2013 இல் கனடாவில் இருக்கும் அக்கா பணம் அனுப்பி, நான் நின்று திருத்துவித்தேன். "வீடெண்டால் இன்சூரன்ஸ் இல்லாமல் விடக்கூடாது" என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். ஒரு முகவர் வந்தார். ஆங்கிலப் படிவத்தை அவரே நிரப்பினார். "இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா" என்றார். வைத்தேன். ஏழு வருடம் கட்டணம் தவறாமல் கட்டினோம்.

மதிப்பீட்டாளர் இளம் பிள்ளை. மரியாதையாகவே கதைத்தார். முகட்டையும் நனைந்து தொங்கிய சீலிங்கையும் படம் எடுத்தார். பிறகு குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திருகினார். காற்றுத்தான் வந்தது. மின்மானியைப் பார்த்து ஒரு எண் எழுதினார்.

"அம்மா, இங்கை ஆர் இருக்கினம்?"

"எங்கட வீடுதான் தம்பி. திருவிழாவுக்கு வருவம்."

"மற்ற நாளிலை?"

திறப்பை என் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. நட்டஈடு இல்லை. ஆட்கள் குடியிருக்கும் வீடு என்று படிவத்தில் எழுதியிருக்கிறதாம். மாதக்கணக்கில் ஒருவரும் இருக்கவில்லையாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று காணும் இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு ஓர் ஆசிரியையிடம் கொடுத்துப் பத்திரம் முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். ஏழு வருடமாக அலுமாரியில் கிடந்த பத்திரத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதில் இருந்தது இதுதான். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கம்பனிக்கு அறிவித்து எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பாதுகாப்பு நின்றுவிடும். இந்த நாட்கணக்கு எல்லாப் பத்திரத்திலும் ஒன்றல்ல, ஆனால் இப்படியொரு வசனம் அனேகமாக எங்கும் உண்டு. யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. ஆள் இருக்கிற வீட்டில் ஓர் ஓடு விலகினால் முதல் மழையிலேயே சட்டி வைத்துவிட்டு, விடிய ஆளைக் கூப்பிடுவோம். ஆளில்லாத வீட்டில் அதே ஓட்டின் வழியாக மாரி முழுவதும் தண்ணீர் இறங்கும். தீப்பிடித்தால் ஒழுங்கைக்குப் புகை வந்த பிறகுதான் தெரியும். கள்ளருக்கோ அவசரமே இல்லை. தண்ணீர்ப் பம்பை ஒருநாளும் வயரை இன்னொருநாளும் கழற்றலாம். ஆகவே வெறும் வீட்டுக்குக் கம்பனிகள் கூடிய கட்டணம் கேட்கும், அல்லது தீயையும் மின்னலையும் மட்டும் ஏற்கும், அல்லது ஒரு பொறுப்பாளர் ஒழுங்காகப் பார்த்து வரவேண்டும் என்று நிபந்தனை போடும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. உறுதி அம்மாவின் பெயரில். அம்மா காலமாகிவிட்டார். காப்புறுதி என் பெயரில் மட்டும். அந்த வீடு அழிந்தால் நட்டம் எனக்கு என்று காட்ட முடிந்தால்தான் நான் நட்டஈடு கேட்கலாம். திறப்பு கையில் இருப்பது உரித்துக்கு அத்தாட்சி இல்லை. எங்கள் பெண்கள் எத்தனைபேர் சகோதரங்களின் வீட்டைத் திறப்போடு பொறுப்பெடுத்து வைத்திருக்கிறோம்!

படிவத்தில் இருந்தது முகவரின் எழுத்து. கையெழுத்து என்னுடையது. அவர் கேட்டு எழுதியிருக்க வேண்டும், நான் வாசிப்பித்திருக்க வேண்டும். காப்புறுதிக் குறைகேள் அதிகாரி என்று கொழும்பில் ஒருவர் இருப்பதாகவும், கம்பனி முடிவாக மறுத்தபின் அவருக்கு எழுதலாம் என்றும் ஆசிரியை சொன்னார். படிவத்தில் பொய் இருக்கும்போது என்னத்தை எழுதுவது? விட்டுவிட்டேன். கூரையை அக்காவின் பணத்தில்தான் திருத்தினோம். அவள் ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

பங்குனியில் மறுபடி போனேன். இம்முறை பக்கத்து வளவு அக்காவிடம். அவர் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், 2009 இல் கணவரை இழந்து, செட்டிக்குளம் முகாமில் இருந்து, கடைசியில் ஊருக்கே வந்தவர். தம்பியாரின் வீட்டுத்திட்ட வீட்டில் ஓர் அறையில் மகளோடு இருந்தார். தையல் மெசின் விறாந்தையில். எங்கள் வீட்டில் வந்து இருக்க முடியுமா என்று கேட்டேன்.

கனடாவில் இருந்து உடனே அழைப்பு வந்தது. "பத்து வருஷம் இருந்தால் வீடு அவைக்கெண்டு சட்டமாம். உனக்குத் தெரியாதே?" அக்காவின் பயம் வெறும் பயமல்ல. ஆளில்லாத காணிகளை இழந்தவர்களை எல்லோரும் அறிவோம். போர்க்காலத்தில் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்காக 2016 இல் விசேட சட்டமும் வந்தது. அதில் வழக்கிடக் கொடுத்த காலம் அப்போது முடிந்திருந்தது. ஆனால் நொத்தாரிசு வேறு விதமாக விளங்கப்படுத்தினார். உரிமைக்காரருக்கு எதிராகத் தன்னுடையது என்று பத்து வருடம் ஆண்டால்தான் அந்தக் கணக்கு. அனுமதியோடு வந்தவர் அனுமதியோடு இருக்கும்வரை, வருடம் போவதால் மட்டும் உரித்து மாறாது. அனுமதியை எழுத்தில் வையுங்கள் என்றார்.

எழுதும்போதுதான் பக்கத்து வளவு அக்கா வாய் திறந்தார்.

"திருவிழாவுக்கு நீங்கள் எல்லாரும் வந்தால் நாங்கள் எங்கை படுக்கிறது? திடீரெண்டு எழும்பச் சொன்னால்?"

இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் வீட்டுக்கு ஆள் தேடினோம். அவர் ஒரு கூரையை நம்பி வருகிறார். பின்னறை எந்நாளும் அவருக்கும் மகளுக்கும், எழும்ப வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னரே அறிவிப்பது என்று சேர்த்து எழுதினோம். இரண்டு பிரதி. ஒன்று அவரிடம்.

புதிய காப்புறுதிப் படிவத்தை நானே கேள்வி கேள்வியாகக் கேட்டு நிரப்புவித்தேன். உரித்தாளிகள் நானும் அக்காவும், இருப்பவர் பராமரிப்பாளர் என்று உள்ளபடி எழுதினோம். புயலும் வெள்ளமும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியவை. கலகமும் பயங்கரவாதமும் அப்படித்தான். போரால் வரும் அழிவைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி ஏற்பதேயில்லை. பெறுமதியைக் குறைத்துச் சொல்லிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். கட்டுவதற்கு 40 லட்சம் வேண்டிய வீட்டை 20 லட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 4 லட்சம் சேதத்துக்கும் 2 லட்சந்தான் தருவார்களாம். அந்த எண்ணத்தை விட்டேன்.

கையெழுத்து வைத்து முடிந்ததும் அக்கா கேட்டார்:

"என்ர மெசினும் இதிலை அடங்குமோ?"

அடங்காது. பத்திரம் எங்கள் வீட்டுக்கும் எங்கள் சாமானுக்கும். அவருடைய மெசினுக்கு அவர் பெயரில் தனியாகத்தான் எடுக்க வேண்டும். கட்டணத்தைக் கேட்டு, இரவு கனடாவுக்கு அழைத்துச் சொன்னேன். அக்கா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதையும் நான் அனுப்புறன்" என்றாள்.

அடுத்தநாள் பின்னேரம் பஸ்ஸுக்கு நடந்துவரும்போது திரும்பிப் பார்த்தேன். மகள் விறாந்தையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். குசினிப் புகைக்கூட்டில் புகை வந்தது. திறப்பை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன்.