சுகர் பேஷண்ட்டுக்கு சிஆர்பி டெஸ்ட் தேவையா?

1/ நாயுடுபுரத்துல இருந்து வந்த சுகர் பேஷண்ட் ஒருவர் மதுரையில் எடுத்த "ஹார்ட் பேக்கேஜ்" ரிப்போர்ட்டை நீட்டினார். ஹெச்எஸ்-சிஆர்பி, ஃபைப்ரினோஜன், டி-டைமர்... மூணுமே கொஞ்சம் அதிகம். "ரத்தம் கெட்டியாயிடுச்சா டாக்டர்? ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கட்டுமா?" என்றார். நிறைய பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கு. அதனால இந்த த்ரெட்.

2/ டைப் 2 சுகர்ல சர்க்கரை மட்டும் ஏறுவதில்லை. தொப்பைக் கொழுப்பு சுரக்கும் ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்ட, சிஆர்பி கூடும். உடம்புக்குள் சத்தமில்லாத அழற்சி ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம்.

3/ தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டும். உறைகட்டிக்கு நார் தரும் ஃபைப்ரினோஜன் கூடும். உடம்பு தானாகக் கட்டியைக் கரைப்பதைத் தடுக்கும் பிஏஐ-1 புரதமும் கூடும். அதாவது, கட்டி சுலபமா உருவாகும், சுலபத்துல கரையாது.

4/ டாக்டர் வி. மோகன் குழு 2001-ல் வெளியிட்ட சென்னை ஆய்வில், சுகர் இல்லாதவர்களில் 9.1% பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய். சுகர் உள்ளவர்களில் 21.4%.

5/ அப்போ எல்லாரும் இந்த டெஸ்ட் எடுக்கணுமா? வேண்டாம். சளி, காய்ச்சல், பல் ஈறு வீக்கம் இருந்தாலே சிஆர்பி ஏறும். 10-க்கு மேல் போனால் முதலில் வேறு காரணம் தேடணும். டி-டைமர் ஹார்ட் அட்டாக்குக்கான டெஸ்டே இல்லை. அந்தக் காசை ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், கிரியாட்டினினுக்குச் செலவு பண்ணுங்க. பிபி பாருங்க. பீடி, சிகரெட் விடுங்க. டாக்டர் தந்த ஸ்டாட்டினை நிறுத்தாதீங்க. அது கொலஸ்ட்ராலோடு சிஆர்பியையும் குறைக்கும்.

6/ ஆஸ்பிரின்? இதய நோய் இல்லாத 15,480 சுகர் நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வு (2018): மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12% குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு 29% கூடியது. நீங்களா ஆரம்பிக்காதீங்க. ஏற்கெனவே அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வைத்தவங்க நீங்களா நிறுத்தவும் கூடாது.

7/ இதுதான் முக்கியம். சுகர்ல நரம்பு மரத்திருந்தால் நெஞ்சுவலி வராமலே அட்டாக் வரலாம். மூச்சு வாங்குது, குப்புனு வியர்க்குது, நெஞ்சு கரிக்குது, காரணமில்லாம அசதி. மலையில இதை "ஏத்தம் ஏறினது", "குளிர்", "வாயு" என்று விட்டுடுவாங்க. விடாதீங்க.

8/ மதுரை இங்கிருந்து சுமார் 120 கி.மீ. பாதி மலைப்பாதை. கார் பிடிச்சு நேரா கீழே இறங்காதீங்க. முதல்ல பக்கத்து அரசு மருத்துவமனையில் ஈசிஜி. 2023 ஜூன்ல தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை உண்டு: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாடின் 8. இலவசம். அதைப் போட்டுக்கொண்டு 108-ல் இறங்குங்க.

9/ உறைகட்டி நாம மலை இறங்கும் வரை காத்திருக்காது. வீட்டில் சுகர் இருக்கிற அப்பா, அம்மாவுக்கு 7-ஐயும் 8-ஐயும் வாசிச்சுக் காட்டுங்க.