முத்துவுக்குக் கருப்பிதான் காது

19 அக்டோபர் 2024, சனி
ராஜபாளையம்

மத்தியானம் என் மூன்று நாய்களும் திண்ணையில் படுத்திருந்தன. முத்து எப்போதும் போலத் தன் முதுகைக் கருப்பியின் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கினான். தெருமுனையில் பால்காரரின் வண்டி திரும்பியதும் கருப்பி தலையைத் தூக்கினாள். அந்த அசைவிலேயே முத்து கண் திறந்துவிட்டான். முதலில் அவள் காதைப் பார்த்தான், பிறகு அவள் பார்க்கும் திசையைப் பார்த்தான். வண்டி வாசலுக்கு வருவதற்குள் இரண்டும் கேட்டருகே நின்றன. மின்னல் மட்டும் அசையவில்லை. சிப்பிப்பாறை நாய் ஓடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தூங்கும்.

முத்து எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய இனம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய்களில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் முத்துவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்படி முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சிலவற்றுக்கு உட்காதிலும் நிறமி செல்கள் இருப்பதில்லை. அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும்.

கருப்பி தெருவில் பிறந்தவள். முத்துவுக்குக் காது அவள்தான்.

21 அக்டோபர், திங்கள்

மூன்று தட்டு, மூன்று இடம். கருப்பிக்குக் கொல்லைப்புறம், முத்துவுக்கு முற்றம், மின்னலுக்கு மாடிப்படிக்குக் கீழே. கருப்பி கண் இமைக்கும் நேரத்தில் தட்டைக் காலி செய்துவிடுவாள். குட்டியில் தெருவில் பட்ட பசி அவளை இன்னும் விடவில்லை. மின்னல் முதலில் கோழித்துண்டைப் பொறுக்கித் தின்பான். கொஞ்சம் உலாத்திவிட்டு வந்துதான் சோற்றில் வாய் வைப்பான். அவன் முடிக்கும்வரை நடுக்கதவு சாத்தியிருக்கும். நாய்களுக்குள் தட்டை வைத்துச் சண்டை வருவதுண்டு. தட்டைப் பிரித்து வைத்தால் அந்தச் சண்டைக்கு வேலையில்லை.

தண்ணீருக்கும் மூன்று கிண்ணம் வைத்திருக்கிறேன். மூன்றும் ஒரே கிண்ணத்தில்தான் குடிக்கும். ஒன்று குடித்து முடிக்கும்வரை மற்ற இரண்டும் வரிசையில் நிற்கும். பக்கத்தில் நிறைந்திருக்கும் கிண்ணங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து வந்த மதினி மின்னலின் விலா எலும்பைப் பார்த்து, “பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?” என்று கேட்டார். முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம், உடல்வாகே அப்படித்தான் என்றேன். அவர் கேட்கவில்லை. தன் இட்லியில் பாதியை அவனுக்கு ஊட்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொன்று வைக்க வேண்டியதாயிற்று. இந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் என்று எதுவும் கிடையாது.

24 அக்டோபர், வியாழன்

மழை விட்டதும் மின்னல் காதில் இரண்டு உண்ணி. ஒன்றின் மேல் இருந்தால் மூன்றின் மேலும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நாயின் ரத்தத்தையே குலைத்துவிடும். அதனால் உண்ணி மருந்தோ பூச்சி மாத்திரையோ, மூன்றுக்கும் ஒரே நாளில்தான். ஒன்றுக்கு இன்று, மற்றதற்கு அடுத்த வாரம் என்றால் கொடுத்ததெல்லாம் வீண்.

மாத்திரையை அத்தை கருவாட்டுத் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தார். மின்னல் கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினான். அதே மாத்திரையை வேறு துண்டில் வைத்துக் கருப்பி பக்கம் நீட்டவும் மின்னல் சட்டென்று வாங்கி விழுங்கிவிட்டான். தனி நாயாக இருந்தால் அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

27 அக்டோபர், ஞாயிறு

எதிர்வீட்டு அண்ணாச்சி, “இந்த மூணுல யாரும்மா தலைவன்?” என்று கேட்டார். யாரும் இல்லை அண்ணாச்சி என்றேன். வாசலுக்குக் கருப்பி, ஓட்டத்துக்கு மின்னல், அத்தையின் கட்டிலடிக்கு முத்து.

கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன் என்ற எண்ணம், கூண்டில் அடைத்த ஓநாய்களை வைத்து 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதியதிலிருந்து பரவியது. 1970-ல் தன் புத்தகத்தில் அதையே எழுதிய டேவிட் மெக், காட்டு ஓநாய்களை நேரில் கவனித்த பிறகு 1999-ல் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம். தலைவன் நான்தான் என்று காட்ட நாயைக் கீழே அமுக்கிப் பிடிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

சிவகாசி பக்கத்தில் இருக்கும் ஊரில் வெடிக்குக் குறைவில்லை. காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று அனுமதி. ஆனால் நாள் முழுக்கச் சத்தம் கேட்டது. ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டோம். மின்னல் ஒவ்வொரு வெடிக்கும் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிவிட்டான். கருப்பி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின, வாயோரம் எச்சில் ஒழுகியது.

முத்துவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவளைக் காணவில்லை என்பது தெரிந்தது. அறை அறையாக மோந்து பார்த்துக்கொண்டே வந்து கண்டுபிடித்தான். டிரம்மை உடம்பால் நெட்டித் தள்ளி உள்ளே நுழைந்து அவளை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடிவிட்டான். கருப்பி அவன் கழுத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டாள். சரவெடிக்கு அவள் உடம்பு தூக்கிப்போடும்போதெல்லாம் அவன் கண் திறந்து அவள் மூக்கை ஒரு தடவை நக்குவான், மறுபடி தூங்குவான். நடுக்கம் முழுதாக நிற்கவில்லை. ஆனால் எச்சில் நின்றது. இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள்.

ஆண்டு முழுக்க அவள் அவனுக்குக் காதாக இருக்கிறாள். இன்று அவனுடைய கேளாமை அவளுக்குத் துணையாக இருந்தது. ஒன்றுக்கு மேல் நாய் வளர்ப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

2 நவம்பர், சனி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தம்பி போன் செய்தான். தெரிந்தவர் வீட்டில் வெள்ளைக் குட்டிகள். அதில் ஒன்றுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது, யாருக்கும் வேண்டாமாம். “என்னக்கா செய்ய?”

சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். முதலில் சோதித்துப் பார். குட்டி தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில் நின்று கை தட்டு. காது கேட்காதென்றால் கைச்சைகையில் பழக்கலாம். உட்கார், வா, வேண்டாம் எல்லாவற்றையும் முத்து கையைப் பார்த்தே கற்றான். தூங்கும்போது தொட்டு எழுப்பாதே, மூக்கருகே கையை நீட்டு, வாசனையில் விழித்துக்கொள்ளும். தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது. வளர்ந்ததும் குட்டி போட விடாதே, இந்தக் குறை பரம்பரையாகத் தொடரும். வெறிநாய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போடு. வீட்டில் ஏற்கெனவே காது கேட்கும், சாதுவான நாய் ஒன்று இருந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

காது கேட்காத குட்டி கழித்துவிட வேண்டிய குட்டி அல்ல. அதைத் தெருவில் விடாதீர்கள். துணைக்கு இன்னொரு நாய் இருக்கும் வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.